மீன் வாடை படாத கையுறை

சித்திரை வெயிலில், கம்பளிக் கையுறைகளைக் கொடியில் காயப் போட்டிருந்தாள் கமலா.

நெல்லித்தோப்புத் தெருவே பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்றுதான். இல்லாவிட்டால் நனையாத துணியை எதற்குக் காயப் போடவேண்டும்?

நல்ல சிவப்பு. கட்டைவிரலுக்கு மட்டும் தனி வீடு, மற்ற நான்கு விரலும் ஒரே பைக்குள் கூட்டுக் குடித்தனம். சோற்றுப்பானை இறக்குவதற்காக இருக்கும் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னதற்குக் கமலா மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கும் கமலாவின் புருஷன் பக்கிரி, பத்து வயது மகள் சாந்திக்காகப் பிரான்சிலிருந்து அனுப்பிய பார்சல் அது. கையுறையோடு காதை மூடும் குல்லா ஒன்று, நீலக் கோட்டு ஒன்று. கடிதம் இல்லை.

கடிதம் எதற்கு? குளிருக்குத் துணி வந்தால் பின்னாலேயே கப்பல் டிக்கெட்டும் வரும் என்றுதானே அர்த்தம்? கமலா அந்த வாரமே ஆட்டை விற்றாள். கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

அன்னக்கிளிக்கு வயிறு எரிந்தது.

அவள் வைத்திக்குப்பத்து மீன்காரி செல்வாம்பாளின் கடைசி மகள். அம்மா கூடையோடு தெருவைச் சுற்றி வரும்வரை சாந்தியோடுதான் விளையாட்டு. போன மாதம்வரை இரண்டு பேரும் ஒரே தட்டில் கருவாட்டைப் பிய்த்துத் தின்றவர்கள்.

பார்சல் வந்த அன்று, ஆசையாகக் கையை நீட்டினாள். சாந்தி வெடுக்கென்று கையுறையை இழுத்துக்கொண்டாள்.

"தொடாதடி! மீன் நாத்தம் ஒட்டிக்கும்."

அடி சண்டாளி! ஒரு வார்த்தையில் நாறவைத்துவிட்டாளே!

அன்னக்கிளி புளி போட்டுக் கையைத் தேய்த்தாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். எலுமிச்சைத் தோலைக் கசக்கி நகக்கண்ணில் எல்லாம் அழுத்தினாள். வாராவாரம் வந்து இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கை போட்டுப் பார்த்தால் போதும். சாந்தி மோந்துகூடப் பார்க்கவில்லை.

எலியாவது கடித்துத் தொலைக்கட்டும் என்று கங்கையம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

கமலாவும் சும்மா இல்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தத் துணிகளுக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். போன வெள்ளி மிளகாய் நெடி ஏறவே இல்லை. எந்தக் கொள்ளிக்கண்ணோ என்று தெருவைப் பார்த்துத் திட்டினாள். அன்னக்கிளி தலையைக் குனிந்துகொண்டாள். அது யார் கண் என்று அவளுக்குத் தெரியாதா?

இன்று கமலா பின்கட்டில் சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாந்தி கோட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

வருவது வரட்டும் என்று அன்னக்கிளி கொடியிலிருந்து ஒரு கையுறையை உருவிக் கையை நுழைத்துவிட்டாள்.

அப்பாடா! வெயிலில் காய்ந்த கம்பளி கொதித்தது, அரித்தது, முழங்கைவரை வியர்த்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம்தான் கட்டைவிரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது.

நுனியில் இழை ஓட்டித் தைத்திருந்தது. உள்ளே வேறொரு விரல் இருந்து இருந்து பள்ளமாகியிருந்தது. மூன்று அக்காமார் உடுத்திக் கழித்ததையே உடுத்தி வளர்ந்தவள் அவள். பழசு எது, புதுசு எது என்று அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? இது யாரோ போட்டுக் கழித்தது.

ஓரத்தைப் புரட்டினாள். உள்பக்கம் சின்ன வெள்ளைப் பட்டி. அதில் நூலால் தைத்த பிரெஞ்சு எழுத்துகள்.

அந்த எழுத்துகளும் சாந்தி போட்ட பிச்சைதான். தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரையும் சேர்த்துச் சிலேட்டில் பிரெஞ்சில் எழுதிக் காட்டிப் பீற்றிக்கொள்ளாத நாள் உண்டா அவளுக்கு? அதனால் இரண்டாவது வார்த்தையை அன்னக்கிளி பார்த்தவுடனே படித்துவிட்டாள். பக்கிரி.

முதல் வார்த்தை சாந்தி இல்லை. எழுத்துக் கூட்டிப் பார்த்தாள்.

மொனிக். வெள்ளைக்காரப் பெண் பிள்ளைக்கு வைக்கிற பெயர்.

மொனிக் பக்கிரி.

நிமிர்ந்தாள். சாந்தி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். பிடுங்கவில்லை, கத்தவில்லை. பின்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அன்னக்கிளியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கமலாவுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. சாந்தி பிரெஞ்சு வகுப்பில் முதல் பெண்.

எரிந்த வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்க வேண்டும் அன்னக்கிளிக்கு. மீன் விற்கிறவள் மகளுக்குத் தொண்டைக்கா பஞ்சம்? ஒரு கத்துக் கத்தினால் தெருக்கோடிவரை கேட்கும்.

மீன் செதிள் ஒட்டிய கையோடு கமலா வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னாடி, போட்டுப் பாத்துட்டியா? எப்பிடிக் கீது எங்கூட்டுக்காரர் அனுப்புனது?"

கையுறை அதற்குள் சாந்தியின் கைக்குப் போயிருந்தது. பட்டி உள்பக்கமாக மடங்கியிருந்தது.

"எங்க போட்டேன், அத்தே?" என்றாள் அன்னக்கிளி. "தொடவே வுட மாட்டேங்கறா. மீன் நாத்தம் ஒட்டிக்குமாம்."