மூக்குக்கண்ணாடிக் கடையில்

சாயங்கால வெயில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் சாய்ந்து, அலமாரி வில்லைகளில் எல்லாம் மினுங்குகிறது. கடைக்காரப் பெண் புதுக் கண்ணாடியைத் துணியால் துடைத்து விரித்து, எதிரே உட்கார்ந்திருக்கும் தையல்காரியின் முகத்துக்கு நேரே கொண்டுவருகிறாள். "அசையாம இருங்கக்கா." அசையக் கூடாது என்றுதான் தையல்காரியும் நினைக்கிறாள். நினைத்து முடிப்பதற்குள் கண்கள் இறுக மூடிக்கொள்கின்றன, தோள்கள் காதுவரை ஏறுகின்றன, இரண்டு கைகளும் பாய்ந்து தலையை மூடிக்கொள்கின்றன. நாற்காலி பின்னுக்குச் சரிந்து சுவரில் இடிக்கிறது. மெல்லக் கண் திறந்தால், கடைக்காரப் பெண், தையல்காரியின் பக்கத்தில் நிற்கும் அவள் கணவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெற்ற தாயிடம்கூட மூடி மறைத்ததை இந்தப் பாழாய்ப்போன கைகள் நடுக்கடையில் போட்டு உடைத்துவிட்டன.

கணவன் சிரிக்கிறான். "சரியான பயந்தாங்கொள்ளிங்க இவ. கரப்பான்பூச்சியப் பாத்தாக்கூட இப்படித்தான்." கடைக்காரப் பெண் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ கண்ண சோதிக்கணும். நீங்க மட்டும் உள்ள வாங்கக்கா," என்கிறாள். தையல்காரி எழப் பார்க்கிறாள். அதற்குள் அவன் கை அவள் தோளில் வந்து உட்காருகிறது, பூப்போல. "அதெல்லாம் வேணாம். சரியாத்தான் இருக்கும்." அவள் கண்ணாடியைத் தானே எடுத்து மாட்டிக்கொள்கிறாள். வாசல் கதவின் கைப்பிடியும், அதற்கு அப்பால் தெருவில் போகிறவர்களின் முகங்களும் துல்லியமாகத் தெரிகின்றன. தோளில் விரல்கள் இறுகுகின்றன.

"நல்லாத் தெரியுதாக்கா?" கடைக்காரப் பெண் குனிந்து, அவள் கண்ணுக்குள் பார்த்துக் கேட்கிறாள்.

தையல்காரி வாய் திறப்பதற்குள் கணவன் சொல்கிறான், "தெரியுதாம்."