சாயங்கால நடுக்கம்

"இவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணியும், சாயங்காலமானா அப்பாவுக்குக் கை நடுங்குது. அப்புறம் எதுக்கு டாக்டர் அந்த மிஷின்?"

நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டாள் மகள்.

அப்பா பின்னால் நிதானமாக நடந்து வந்தார். சரக்கு ரயில் ஓட்டி ரிடையர் ஆனவர். பார்க்கின்சன் நோய். போன வருடம் மூளைக்குள் மெல்லிய கம்பி செலுத்தி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி வைத்தார்கள். அந்தக் கரண்ட்தான் நடுக்கத்தை அடக்கி வைத்திருந்தது.

கடைசியாக அம்மா வந்தாள். தையல் கடையிலிருந்து நேராக வந்தவள். கழுத்தில் இஞ்ச் டேப் அப்படியே தொங்கியது.

டாக்டர் ஒரு கருவியைப் பெரியவரின் நெஞ்சருகே பிடித்துத் திரையைப் பார்த்தார்.

"கம்பியில கோளாறு இல்ல. பேட்டரியும் நல்லா இருக்கு. ஆனா சாயங்காலம் யாரோ ரிமோட்ல கரண்டைக் குறைக்கிறாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் பழையபடி கூட்டிடறாங்க."

ரிமோட் பெரியவரின் சட்டைப்பையில் இருந்தது.

"அப்பா, நீங்களா?"

"கை தவறிப் பட்டிருக்கும்."

"தினமுமா கை தவறும்?"

சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார் பெரியவர்.

"அம்மா கடையைப் பாதியில போட்டுட்டு ஓடி வந்து உங்களுக்கு ஊட்டி விடறா. தைக்க வேண்டிய துணியெல்லாம் மலையாக் குவிஞ்சு கிடக்கு. இதுல உங்களுக்கு என்னப்பா சந்தோஷம்?"

அவர் சட்டைப்பையை ஒரு கையால் மூடிக்கொண்டார்.

டாக்டர் குறுக்கே புகுந்தார். "இப்ப புதுசா ஒரு ஆராய்ச்சி நடக்குது. மூளையோட அலைகளை மிஷினே கவனிக்கும். நடுக்கம் வரப்போகுதுன்னு தெரிஞ்சா தானாவே கரண்டைக் கூட்டிக்கும், அடங்கினதும் குறைச்சுக்கும். அப்பாவோட பேட்டரியிலயே அந்த வசதி இருக்கு. ரிமோட்டைத் தொடவே வேண்டியதில்ல. அவர் சேர விரும்பினா சேர்த்துக்கலாம்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சேர்ந்துடுங்கப்பா."

பெரியவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம் டாக்டர்," என்றாள் அம்மா. "ஆராய்ச்சியெல்லாம் எதுக்கு? இருக்கிறதே போதும்."

மகளுக்குச் சுருக்கென்றது. "நடுங்கறது உன் கையா, அவர் கையா? உனக்குப் பயம்னா அதுக்கு அவர் கஷ்டப்படணுமா? இவ்வளவு சுயநலம் ஆகாதும்மா."

டாக்டருக்கும் அப்படித்தான் பட்டது.

"அவ சொல்றபடியே இருக்கட்டும்," என்றார் பெரியவர்.

"என்னமோ பண்ணுங்க" என்று மகள் அவரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாள். பின்னாலேயே எழுந்த அம்மாவை டாக்டர் நிறுத்தினார்.

"நிஜமாவே பயம்தானாம்மா?"

அம்மா ஒருதரம் கதவைப் பார்த்துக்கொண்டாள்.

"அவர் வேலைக்குப் போன காலத்துல, அவர் வீட்டுக்கு வரும்போது நான் கடையில இருப்பேன். நான் வரும்போது அவர் கிளம்பிப் போயிருப்பார். ரெண்டு பேரும் மூடி வெச்ச சாப்பாட்டைத்தான் சாப்பிட்டோம். நோய் வந்த பிறகுதான் பக்கத்துல உட்கார்ந்து ஊட்டி விட்டேன். இவருக்கு இவ்வளவு பேச வரும்னே அப்பதான் தெரிஞ்சுது. எந்த ஸ்டேஷன்ல மழை கொட்டுச்சு, எந்தச் சிக்னல்ல நின்னப்போ என் ஞாபகம் வந்துச்சுன்னு ஒவ்வொண்ணா சொல்வார்."

"ஆபரேஷனுக்கு அப்புறம்?"

"நடுக்கம் நின்னுடுச்சு, ஊட்டறதும் நின்னுடுச்சு. பேச்சும் நின்னுடுச்சு."

"நீங்களே சீக்கிரம் வீட்டுக்கு வந்திருக்கலாமே?"

"வரேன்னுதான் சொன்னேன். 'நான்தான் நல்லா இருக்கேனே, நீ கடையைப் பாரு'ன்னுட்டார். வான்னு கூப்பிடத் தெரியாத மனுஷன்."

"அப்ப அவர்தான் குறைக்கிறார்னு உங்களுக்கு..."

"முதல் நாளே தெரியும் டாக்டர். நேத்து நான் வந்தப்போ ரிமோட்டை எங்கேயோ வெச்சுட்டுத் தேடிக்கிட்டிருந்தார். நான்தான் அதைக் கண்டுபிடிச்சு, அவர் கைக்கு எட்டற இடத்துல வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வாசல்ல போய் நின்னேன்."