பாதரின் சுண்டுவிரல்

பீடத்தில் தம்பி கழுவுவதற்குக் கையை நீட்டியபோதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

ஐயோ மாதாவே, இதை எப்படி மறந்தேன்? பூசை நடுவில் சாமியார் கை கழுவுவார் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். என் மரமண்டைக்கு மட்டும் அது எட்டவில்லை.

அவன் விரலில் இருந்தது தேர்தல் மை அல்ல. உடுப்புக்குப் போடும் சொட்டுநீலம்.

நேற்றுத்தான் தேர்தல். இன்று ஞாயிறு. கோயில் நிறைந்த சனம், எல்லோருடைய இடதுகைச் சுண்டுவிரலிலும் மை. பூசை வைக்கிற பாதருடைய விரலில் மட்டும் இல்லையென்றால்? அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது ஊர் முழுக்க அந்தக் கையைத்தானே பார்க்கும்!

தம்பி ஜெர்மனியில் குருவானவர். விடுமுறையில் வந்திருக்கிறான். அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்து ஆறு வருடம். எடுத்த அன்றோடு இந்த நாட்டில் அவனுக்கு வாக்கு இல்லை. பிறந்த ஊருக்கே வீசா எடுத்துத்தான் வருகிறான். இங்கே இது எனக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் 'எங்கட பாதர்' என்று சொல்வதை விட்டுவிடுவார்கள். வயது போனபின் அவன் திரும்பி வந்தால் இருக்க ஓர் இடம் வேண்டாமா?

அதனால்தான் விடிய வெள்ளாப்பில், அவன் விறாந்தையில் நித்திரையாய்க் கிடக்க, பக்கத்தில் குந்தியிருந்து அவன் விரலில் நீலத்தைப் பூசினேன். களப்பிலிருந்து பனிப்புகார் எழும்பி முற்றம் வரை வந்திருந்தது. வேலி தெரியவில்லை, தென்னைகள் தெரியவில்லை. அவன் முகத்தில் பன்னிரண்டு வயதுதான் தெரிந்தது. இது எந்த வருடம், அவன் எந்த நாட்டுக்காரன் என்பதெல்லாம் எனக்கே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

கண்விழித்தவன் விரலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சிரித்தான்.

"அக்கா, இது கள்ளவோட்டெல்லே?"

"வாயைப் பொத்திக்கொண்டு வெளிக்கிடு. பூசைக்கு நேரமாகுது."

அவன் அதை அழிக்கவில்லை. என் மனம் நோகக்கூடாதென்று விட்டுவைத்தான் போலும்.

இப்போது, பூசைக்கு உதவி செய்யும் கஜனி செம்பைச் சரித்தாள். தண்ணீர் கனவில் விழுவதுபோல மெல்ல மெல்ல விழுந்தது. மடக்கு, அந்த விரலை மடக்கடா என்று மனதுக்குள் கத்தினேன்.

அவன் மடக்கவில்லை. பெருவிரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். தட்டில் நீலம் இறங்கியது. வெள்ளைத் துவாயில் துடைத்தான். அதிலும் நீலம்.

பிறகு அப்பத்தை உயர்த்தினான். மணி அடித்தது. யன்னலால் வந்த வெயில் அந்த வெறும் விரலில் விழுந்தது. ஆண்டவரை ஏந்துகிற கையில் பொய் இருக்கக்கூடாதென்று நினைத்தானோ என்னவோ. எனக்கு வெட்கம், அதைவிட அவன்மேல் கோபம். செத்தாலும் புதைக்க இந்த மண்ணில் இடமில்லாமல் செய்துவிட்டானே பாவி! கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. பின்வரிசை வாங்கில் இருந்த அயல்வீட்டுத் தங்கம்மா என் கையைப் பிடித்துக் காதுக்குள் சொன்னாள்.

"சமாதானம், றோசம்மா. அழாதை. எங்களுக்கு உது எப்பவோ தெரியும். பாதர் அங்கத்தைய குடியுரிமை எடுத்த அண்டைக்கே அங்கை இருக்கிற எங்கட பெடியள் படம் அனுப்பினவங்கள். உனக்குத்தான் தெரியாதெண்டு நினைச்சு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

திரும்பிப் பார்த்தேன். அவனை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தையிலும் கரையிலும் கண்ட இடமெல்லாம், 'பாதர் எப்ப ஊரோட வந்து இருக்கப்போறார்?' என்று இந்த ஆறு வருடமும் கேட்டவர்கள். 'அடுத்த வருசம்' என்று நான் சொல்லும்போதெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டியவர்கள். எனக்காகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான், அவன் வருவான் என்று நானும் நம்பியிருந்தேன்.

இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.