வாசல் எந்தப் பக்கம்?

ரேஞ்சரம்மாவின் ஜீப் நாச்சிமுத்து வீட்டு முன்னால் நிற்பதைப் பார்த்ததும் அர்த்தநாரிக்குக் குடித்த காபி கசந்தது.

நாச்சிமுத்து அவருக்குப் பங்காளி. சித்தப்பா மகன். எருமப்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் ரெண்டு பேர் தோட்டத்துக்கும் ஒரே வரப்பு. கோடியில் ஓடை, ஓடைக்கு அப்பால் காடு.

அந்தக் காட்டைத்தான் பூங்கா ஆக்கப் போகிறார்கள். போன மாதம் ஊர்க் கூட்டம் போட்டு வனத்துறை ரேஞ்சர் தனப்பிரியா விவரமாகச் சொல்லியிருந்தார். உள்காடு விலங்குகளுக்கு மட்டும். வெளிக்காட்டில் ஜனங்கள் நடந்து பார்க்கலாம், அதுவும் ஒரு நாளைக்கு இருநூறு பேர். குஞ்சு பொரிக்கும் இடத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது. உள்ளே போக ஒரே வாசல். அது இந்த ஊர்ப் பக்கமா, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரா என்பது ஜனங்கள் எழுதித் தரும் கருத்தைப் பார்த்து முடிவாகும்.

அன்றிலிருந்து அர்த்தநாரிக்கு வாசல் நினைப்புதான். தண்ணீருக்காக ரெண்டு போர் போட்டும் வெறும் புழுதிதான் வந்தது. தோட்டம் மூன்று வருஷமாகத் தரிசு. மகன் கௌசிக் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே வேலைக்குப் போய்விட்டான். வாசல் தன் வரப்பில் வந்தால் வண்டி நிறுத்த இடம் விடலாம், ஒரு டீக்கடை போடலாம். பையனும் ஊரோடு வந்துவிடுவான்.

நாச்சிமுத்துவுக்கோ போட்ட ஒரே போரில் ரெண்டு இஞ்ச் தண்ணீர். மரவள்ளி ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அது பத்தாதா அவனுக்கு?

"பாத்தியா புள்ள, மோர் குடுத்தே ரேஞ்சரம்மாளக் கைக்குள்ள போட்டுக்கறான். போன வாரமே மனு எழுதிக் குடுத்துட்டானாமா."

"நீங்களும் எழுதிக் குடுங்க. ஆரு வேண்டாங்கறா?" என்றாள் மனைவி சென்னியம்மாள்.

எழுதியிருக்கலாம். ஆனால் முந்திக்கொண்டவன் பின்னால் போய் நிற்பதற்கு அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

சற்று நேரத்தில் நாச்சிமுத்துவும் ரேஞ்சரும் வரப்பில் நடந்து போனார்கள். அவன் கையை நீட்டி எதையோ காட்ட, அந்த அம்மா சிரித்துத் தலையாட்டினார். அர்த்தநாரி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

எனக்கு இல்லையென்றால் அவனுக்கும் இல்லை. மனுஷர் முடிவு பண்ணிவிட்டார்.

ஓடைக்கரை மண் பொந்தில் கொம்பன் ஆந்தைகள் குடியிருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் குஞ்சு பொரிக்கும். வாசல் கனவு கெட்டுவிடக் கூடாதென்று கூட்டத்தில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. இந்த ஊர்ப் பக்கம் எங்கே வாசல் வைத்தாலும் ஓடையைத் தாண்டித்தானே போக வேண்டும்?

மொட்டைக் கடுதாசி எழுத உட்கார்ந்தார். கையெழுத்து தெரியாமல் இருக்க இடது கையால் எழுதினார். எத்தனை பொந்து, எந்த மாதம் முட்டை, எந்தப் பக்கம் நின்றால் கண்ணில் படும், எல்லாம் பிசகாமல் எழுதினார். ஜனங்கள் வந்தால் குஞ்சுகள் அழியும் என்று உருக்கமாக முடித்து, கீழே 'வாயில்லா ஜீவன்களின் நண்பன்' என்று போட்டார். உள்ளூரில் தபாலில் சேர்த்தால் முத்திரை காட்டிக் கொடுத்துவிடுமென்று நாமக்கல்லுக்கு பஸ் ஏறிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். அன்று ராத்திரி அவருக்கு நல்ல தூக்கம்.

இருபது நாள் கழித்து மறுபடி ஊர்க் கூட்டம்.

"வாசல் இந்த ஊருல இல்லைங்க. மலைக்கு அந்தப் பக்கம்தான்," என்றார் ரேஞ்சர். ஓடைக்கரையில் ஆந்தைகள் இருப்பதாகக் கடிதம் வந்ததாம். ஆள் வைத்துப் பார்த்ததில் எழுதியதெல்லாம் நிஜமாம். மூன்று குஞ்சுகள் இருக்கின்றனவாம்.

அர்த்தநாரி திரும்பி நாச்சிமுத்துவைப் பார்த்தார். முகம் செத்துப் போயிருந்தது. பார்க்கப் பார்க்க இவருக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. துக்கம் விசாரிக்கிறவர் மாதிரி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உடு நாச்சிமுத்து. உனக்குக் குடுத்து வெக்கலை."

"எனக்கெதுக்குங்கண்ணா வாசலு? இருக்கற வெள்ளாமையப் பாக்கவே ஆளில்லை. வாசல அண்ணன் தோட்டத்துப் பக்கம் வெய்யுங்க, அவரு ஊடு தலையெடுக்கும், கௌசிக்கும் வந்து சேருவான்னுதானுங்க எழுதிக் குடுத்தேன். ரேஞ்சரம்மாளக் கூட்டிட்டுப் போயி உங்க எடத்தையும் காட்டுனேன். சரின்னுதான் சொன்னாங்க. முடிவானதும் உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். இப்படிக் கை நழுவிப் போச்சுங்களே."

அர்த்தநாரி மெல்ல அவன் பக்கத்திலிருந்து தள்ளி உட்கார்ந்தார்.

மேஜை மேலிருந்த கடிதத்தைக் கையில் எடுத்துக் காட்டினார் ரேஞ்சர்.

"இதை எழுதினவர் யாருன்னு தெரியலைங்க. தன் ஊருக்கு வர இருந்த வாசல் போனாலும் பரவாயில்லை, குஞ்சுக பொழைக்கட்டும்னு நெனச்சிருக்கார். பேர்கூடப் போட்டுக்கலை. அந்த நல்ல மனசுக்கு எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க."

முதலில் தட்டியது நாச்சிமுத்துதான். பிறகு கூட்டமே தட்டியது.

சும்மா உட்கார்ந்திருந்தால் யாராவது கவனித்துவிடப் போகிறார்களே என்று, அர்த்தநாரியும் தட்டினார்.