ஞாயிற்றுக்கிழமை மகள்

குழந்தைவேலு பொத்தானை இரண்டு தடவை அழுத்தித் தொலைத்துவிட்டார். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கனடாவிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு மேகலாக்கள் கூப்பிட்டார்கள். ஒருத்தி கூடத்துச் சுவரில், இன்னொருத்தி சமையலறையில்.

நிஜ மேகலா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட நாளோடு பெற்றோரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். மனைவி ரத்தினா உருகுவதைப் பார்க்க முடியாமல்தான், ஞாயிறுதோறும் கூப்பிட்டு மகளைப் போலவே பேசும் இந்த வாடகை இயந்திரக் குரலை அவர் ஏற்பாடு செய்தார். பிள்ளைக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று புளுகியும் வைத்தார். தாயும் மகளும் பேசட்டும் என்று அந்த ஒரு மணி நேரம் நாசூக்காக மொட்டை மாடிக்குப் போய்விடுவார். பொய் சொல்வதில் தான் ஒரு மேதை என்பது அவர் எண்ணம்.

ரத்தினா அடுப்பைத் தணித்தாள். "இரு கண்ணு, உன்ற அக்கா லைன்ல இருக்கா" என்று ஒருத்தியை நிறுத்தினாள். பிறகு மற்றவளையும் நிறுத்தினாள். மேகலா ஒரே பிள்ளை.

குழந்தைவேலு சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். "எப்ப இருந்து தெரியும்?"

"மொத வாரமே தெரியுங்க. நம்ம புள்ள இத்தனை மரியாதையா என்னிக்குப் பேசியிருக்கா?"

"அப்புறம் எதுக்கு ரெண்டு வருசமா பேசுனே? எனக்காகவா?"

ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது அவருக்கு.

"உங்களுக்காக ஒண்ணுமில்லீங்க" என்றாள் ரத்தினா. "மாலையும் கழுத்துமா வாசல்ல வந்து நின்னவ மூஞ்சியில கதவைச் சாத்துனது நானுங்க. அவகிட்ட மன்னிப்புக் கேக்கோணும். வாய் வரமாட்டேங்குது. இதுகிட்டத்தான் சொல்லிச் சொல்லிப் பழகிட்டிருக்கேன்."