முன் பிரேக்

சைக்கிளின் முன்பக்கம் புதிதாக ஒரு பிரேக் இருந்தது.

துர்காதேவி தோள்பையை இறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீ மெட்ராசு போனப்ப ஆட்டோல வச்சிக் கடைக்கு எடுத்துக்கினு போனேன்மா” என்றாள் அம்மா தில்லையம்மாள், தறியில் உட்கார்ந்தபடியே. “அம்மாம் பெரிய சைக்கிளு. ஒரு பிரேக்குகூட வைக்காமக் குடுத்துக்கிறானுங்க பாரு, கட்டையில போறவனுங்க.”

அது மரப்பலகைத் தளத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டும் பந்தயச் சைக்கிள். அதற்குப் பிரேக் கிடையாது. இருக்கவும் கூடாது. முன்னால் போகிறவர் சட்டென்று நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் விழுவார்கள்.

இதை அம்மாவிடம் துர்கா சொன்னதேயில்லை. சொன்னால் அனுப்பமாட்டாள்.

போன வருஷம் தளத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோதுகூட, கால் வழுக்கிவிட்டது என்றுதான் சொல்லியிருந்தாள். எழுந்து நடக்கும்வரை குளிப்பாட்டியதும் தலை பின்னியதும் அம்மாதான்.

திங்கட்கிழமை டெல்லியில் இந்திய அணிக்கான தேர்வு. இரண்டு முறை தவறிவிட்டது. இதுவே கடைசி என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

துர்கா குனிந்து பார்த்தாள். பிரேக்கைக் கழற்றிவிடலாம். ஆனால் அதை மாட்டுவதற்காக, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் துளை போட்டிருந்தார்கள். துளை விழுந்த ஃபோர்க் அந்த வேகத்தைத் தாங்காது. போட்டிக்கு முன் சைக்கிளைச் சோதிக்கிறவர்கள் பார்த்த உடனே ஓரம் தள்ளிவிடுவார்கள். திங்கட்கிழமைக்குள் வேறு ஃபோர்க் எங்கேயும் கிடைக்காது.

“ஓட்டித்தான் பாரேன்” என்றாள் அம்மா.

ஓட்டினாள். தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை போனாள். மற்ற நாளாக இருந்தால், நிற்பதற்கு இரண்டு வீடு முன்னாலிருந்தே மிதிகளைக் காலால் பின்னோக்கி அழுத்தி இழுத்துப்பிடிக்க வேண்டும். இன்று ஒரு விரல் பட்டதும் நின்றுவிட்டது.

அந்தச் சைக்கிள் இத்தனை சீக்கிரம் நின்று அவள் பார்த்ததில்லை.

திரும்பி வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டாள். பிரேக் மாட்டி என்ன செய்துவிட்டோம் என்று அம்மாவுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் உடைந்துபோவாள்.

“நல்லாப் பிடிக்குதுமா” என்றாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். “டெல்லி போட்டியத் தள்ளி வச்சிட்டாங்களாம். இப்பத்தான் போன் வந்துச்சி.”

தறிச் சத்தம் நின்றது.

அம்மா தறியில் நீண்டு கிடந்த பாவு நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுந்த இழை எதுவும் அதில் இல்லை.

“கடைக்காரன் தாவீது சொன்னான்மா” என்றாள், தலை நிமிராமல். “ஓட்டை போட்டா அப்புறம் இத்தப் போட்டியில சேத்துக்க மாட்டாங்கன்னு.”

துர்கா திரும்பினாள்.

“ரெண்டு வாட்டி கேட்டான். நான்தான் போடுன்னேன்.”