அளவு எழுதாத குற்றம்

கிட்ட வாங்க கண்ணுகளா, சாக்கை விரிச்சு உட்காருங்க. பெரியாயி கோர்ட்டுக் கூண்டில் நின்ற கதை சொல்றேன். பயப்படாதீங்க, நல்லபடியாத்தான் முடியும்.

இலங்கை மலைநாட்டில், எழுபத்து மூன்றாம் வருஷம். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவளைக் காலையிலேயே டவுன் கோர்ட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

டவுனுக்குக் குடிதண்ணீர் போகிற ஓடையில் முந்தின நாள் துணி அலசிவிட்டாள். லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் மூன்று நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. காவல்காரன் கையும் துணியுமாகப் பிடித்துவிட்டான்.

மூன்று மாதக் கைப்பிள்ளையை, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டிருந்தாள். போத்தல் பாலை வாயில் வைக்காத பிள்ளை. இவளை உள்ளே போட்டுவிட்டால் அது எதைக் குடிக்கும்?

மார் கனத்து வலித்தது.

கூண்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் சின்னராசா, கையில் விலங்கோடு. கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், காய்ச்சியதற்கு அப்போதுதான் தீர்ப்பு வாங்கியிருந்தான்.

"எனக்கு ஆறு மாசத்தோட போச்சு, புத்தகத்துல அளவு இருக்கு. ஒன் குத்தத்துக்கு அளவே எழுதலயாம் புள்ள. போட்டா போட்டதுதான்!"

உண்மைதான். கிளாக்கர் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். ஓடையில் துணி அலசுவது குற்றம் என்று இருந்தது. என்ன தண்டனை என்று இல்லை.

நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மேசையில் இருந்த கிளாஸை எடுத்து, தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

பெரியாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் சிங்களத்தில் சொன்னதை மொழிபெயர்ப்பவர் தமிழில் சொன்னார். தண்டனை எழுதாத குற்றத்தை ஆகச் சின்னக் குற்றமாகத்தான் எடுக்க வேண்டுமாம். அதனால் கோர்ட் கலைகிற வரைக்கும் அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்றைக்கு அவளுடையதுதான் கடைசி வழக்கு.

அவள் உட்கார்ந்தாள். நீதவான் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். தண்டனை முடிந்தது.

அவள் நம்பாமல் உட்கார்ந்தே இருந்தாள். சின்னராசாதான் விலங்குக் கையைத் தூக்கி வாசலைக் காட்டினான்.

வாசலில் நின்ற பியோன் பானையிலிருந்து ஒரு கோப்பை தண்ணீர் மொண்டு நீட்டினார்.

"ஐயோ, வேணாங்கய்யா!" என்றவள், பிள்ளையை நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

என்ன துணி அலசினாய் என்று அந்தக் கோர்ட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மூன்று நாளாகச் சேர்ந்த பிள்ளையோட பீத்துணி, கண்ணுகளா.

உங்க வீட்டுப் பானைத் தண்ணீர் என்றைக்கும் வற்றாமல், கலங்காமல் இருக்கட்டும்.